ஒன்பது பேர் விழுந்த வளைவு

நீங்கள் விழும்போது "ஐயோ அம்மா" என்று கத்தினீர்கள். அதனால்தான் உடனே வந்தேன். இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டேன். இங்கே இத்தாலியில் விழுகிறவர்கள் மாதாவைக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் தூஷணம் சொல்வார்கள். அப்போதெல்லாம் நான் வேலிக்கு உள்ளேயே நிற்பேன். அவர்கள் எழும்பித் தூசு தட்டி, கை கால் அசைகிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் பேப்பரும் பேனையும் எடுத்துக்கொண்டு போவேன்.

காலை நீட்டுங்கள், தங்கச்சி. தண்ணீர் ஊற்றுகிறேன். எரியும். எலும்புக்கு ஒன்றும் இல்லை, தோல்தான் போயிருக்கிறது. எனக்குத் தெரியும். இந்த வளைவில் விழுந்த முழங்கால்கள் நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்களை வெள்ளைக்காரி என்றுதான் நினைத்தேன். தலையில் அந்தச் சட்டி, கறுப்புக் கண்ணாடி, கட்டையாக வெட்டிய முடி. எந்த நாடு? ஜெர்மனியா. ஏன், ஜெர்மனியில் சைக்கிள் ஓடப் பாதை இல்லையா? கோபிக்காதீர்கள், சும்மா கேட்டேன். தனியாகவா வந்தீர்கள்? அவர் எங்கே? பலெர்மோவில், கடற்கரை ஹோட்டலில் படுத்திருக்கிறாரா. அவர் செய்ததுதான் சரி.

எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். இந்தப் பேப்பரை நிரப்பித் தந்துவிடுங்கள். பெயர், நாடு, விழுந்த திகதி, விழுந்த விதம், கையெழுத்து. வேறு ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை நகரசபைக் கமிஷன் கூடுகிறது. பாதையைப் பாவிக்கிறவர்கள் பத்துப் பேர் இந்த இடத்தில் விழுந்ததாக எழுத்தில் தந்தால், இந்தத் துண்டை மூடிவிட்டுப் பாதையை மேலே, பழைய ஆட்டுப் பாதையால் திருப்புவதைப் பற்றி யோசிப்பார்களாம். அங்கே இருக்கிற கிளார்க் என் காதுபடச் சொன்னது. ஒன்பது பேப்பர் கையில் இருக்கிறது. நீங்கள் பத்து.

அவசரமில்லை. உங்கள் சைக்கிள் செயின் கழன்றிருக்கிறது, அதைப் போட நேரம் எடுக்கும். நான் போட்டுத் தரட்டுமா? நீங்களே போடுவீர்களா? போடுங்கள், போடுங்கள். அதற்குள் நான் சொல்லி முடித்துவிடுவேன். விஷயம் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று பிறகு ஒருவரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

எனக்கு இந்தச் சைக்கிள்காரர்களைக் கண்ணில் காட்டக் கூடாது. உங்களைச் சொல்லவில்லை. உங்களையும்தான், ஆனால் நீங்கள் தமிழ். நான் சைக்கிள் ஓடாதவன் இல்லை. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் போனது. விறகு, சீமெந்து, பிள்ளைத்தாச்சி, எல்லாம் சைக்கிளில். நான் ஒரு அலுமாரியைக் கட்டிக்கொண்டு ஒன்பது மைல் ஓடினேன். வேறு வழி இல்லாதவன் ஏறுகிற சாமான் அது. இவர்களைப் பாருங்கள். வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அந்தக் காரின் தலையில் சைக்கிளைக் கட்டி, மலை அடிவாரம் வரைக்கும் புகை விட்டுக்கொண்டு வந்து, அங்கே இறக்கி, "ஆகா, வாகனமே இல்லாத பாதை" என்று ஓடுகிறார்கள். வாகனமெல்லாம் எங்கே என்றால் கீழே நிற்கிறது. எல்லாம் இவர்களுடையதுதான்.

நீங்களும் அப்படித்தானா? வாடகைக் காரா. சரி, விடுங்கள்.

இந்தப் பாதை முன்பு ரயில் ஓடிய தடம். இந்த வீடு ரயில் கடவைக் காவலாளியின் வீடு. நாங்கள் வரும்போது ரயில் நின்று கனகாலம். தண்டவாளத்தைக் கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய முதலாளி அம்மாவின் தோட்டத்தில் வேலை செய்தேன், அவ சாகும்போது இந்த வீட்டில் நான் இருக்கலாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனா. மனைவி, மகள், நான். சுற்றிவர முள்ளும் பாம்பும். நான்தான் வெட்டினேன், நான்தான் கொத்தினேன். பயிற்றை, புடோல், கத்தரி. முருங்கை இரண்டு தரம் குளிரில் செத்து மூன்றாம் தரம்தான் பிழைத்தது. கறிவேப்பிலையைக் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கம்பளி சுற்றி வளர்த்தவள் மனைவி. புவனம் என்று பெயர்.

அங்கே எலுமிச்சைத் தோட்டம் தெரிகிறதே, அது தோத்தோவின் தோட்டம். இந்த ஊர்க்காரன், எண்பது வயது. அவனுக்கும் எனக்கும் நடுவில் இந்த ரயில் தடம். நான் வந்த முதல் மாதமே வேலி அடைத்தேன். வேலி இல்லாமல் என்னால் ஒரு இரவு நித்திரை கொள்ள முடியாது. இங்கே ஆற்றங்கரையில் மூங்கில் மாதிரி ஒரு நாணல் வளர்கிறது, அதைப் பின்னிக் கட்டினால் எங்கள் தென்னோலைக் கிடுகு தோற்றுவிடும். வேலியில் வரிசையாக நடுகிற கதியாலுக்கு அத்தித் தடி. பச்சையாக வெட்டி நட்டால் உடனே வேர் பிடிக்கும்.

நாணல் ஒரு வருடத்தில் உக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் வேலியைப் பிரித்து அடைக்க வேண்டும். அடைக்கும்போது பழைய கதியாலின் இடத்திலேயே புதுக் கதியாலை நட முடியாது, அதில் வேர் இருக்கும். ஒரு நாலு விரல் தள்ளித்தான் நட வேண்டும். எந்தப் பக்கம் தள்ளுவது? உள்ளே தள்ளினால் கத்தரிக்கு இடம் போய்விடும். வெளியே தள்ளினேன். நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்கு எந்த ஊர்? கொக்குவிலா. அப்படியென்றால் யாழ்ப்பாணத்து வேலிச் சண்டையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தோத்தோவுக்கு வாய் நீளம். எலுமிச்சைக்கு மருந்து அடித்துக்கொண்டே கத்துவான். என் பெயர் அருளம்பலம், அவனுக்கு அது வாயில் வராது.

"அருலோ, உன்ரை வேலிக்குக் கால் முளைச்சிருக்கு. வருசத்துக்கு ஒரு அடி எடுத்து வைக்குது. எனக்கோ வயசு போட்டுது. அது என்ரை கட்டிலடிக்கு வரமுன்னம் நான் செத்திடுவன் எண்டு ஒரு நம்பிக்கை."

"உன்ரை எலுமிச்சையைப் பார். அதுதான் ரெண்டு வரிசை தள்ளி நிக்குது," என்பேன்.

"மரம் நடக்காதடா. நடக்கிறது உன்ரை சாதி வேலிதான்."

பதினாறு வருடம் அவனோடு இப்படித்தான். பெரிய சண்டை இல்லை, தினசரிச் சண்டை.

பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. ரயில் தடத்தைச் சைக்கிள் பாதை ஆக்கப் போகிறார்களாம். பலெர்மோ ஓரத்திலிருந்து மலைக்கு இருபத்திரண்டு கிலோமீற்றர், ஒரு பாலம், ஒரு சுரங்கம், முழுக்கச் சல்லிக்கல், ஒரு மோட்டார் சைக்கிள் கூட ஏற முடியாதபடி இரும்புத் தூண். எனக்கு இத்தாலியன் பேச வரும், வாசிக்க வராது. புவனம்தான் வாசித்துச் சொன்னாள். முப்பது வருடம் இவர்களின் வீடுகளைத் துடைத்தவள், அவளுக்கு எல்லாம் வரும். "நாளைக்கு அளக்க வருகினமாம். எல்லை பிசகியிருந்தா வெட்டுவினமாம்," என்று வரிக்கு வரி சொன்னாள்.

அளக்க வந்தவள் ஒரு இளம் பெட்டை. முக்காலியும் கருவியும் வைத்துக்கொண்டு காலை முழுக்கக் கண்ணை வைத்துப் பார்த்தாள். ரயில்வே எல்லைக் கல்லைக் காணவில்லை. எப்படிக் காணும், அது என் துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே கிடக்கிறது. அவள் முக்காலியை மடித்துவிட்டாள். அவ்வளவுதான், தப்பினோம் என்று நினைத்தேன். அப்போது புவனம் கோப்பி கொண்டு வந்து கொடுத்தாள். அந்தப் பெட்டை கோப்பியைக் குடித்துக்கொண்டே கத்தரிப் பாத்தியைப் பார்த்து, "இது என்ன, வரிசை வரிசையாகத் துளிர்க்கிறதே?" என்று கேட்டாள்.

பழைய அத்திக் கதியால். வேலியைத் தள்ளும்போது நான் அவற்றை நிலத்தோடு தறித்துவிடுவேன். ஆனால் அத்தி சாகுமா? நிலத்துக்குக் கீழே இருந்து திரும்பத் திரும்ப முளைக்கும். வேலி நின்ற வரிசையெல்லாம் அப்படியே முளைத்து நின்றன.

புவனம் செருப்புக் காலால் ஒவ்வொரு வரிசையாகத் தட்டிக் காட்டினாள். "இது நாங்கள் வந்த வருசம். இது மகள் பள்ளிக்கூடம் முடிச்ச வருசம். இது கூரை ஒழுகின வருசம். இது எனக்குக் காய்ச்சல், இவர் தனியத்தான் அடைச்சவர்." இப்படிப் பதினாறும் சொன்னாள். அந்தப் பெட்டை எழுதி எழுதிப் போட்டாள். கடைசியில் நாடாவை நீட்டி அளந்தாள். ஒரு மீற்றர் எழுபது.

அப்பாவி, பாருங்கள். யார் வந்திருக்கிறாள், எதற்குக் கேட்கிறாள் என்று ஒரு யோசனை இல்லாமல் வாயைத் திறந்துவிட்டாள். நான் அவளை ஏசவே இல்லை. ஏசி என்ன பயன்? இதற்கெல்லாம் பின்னால் நின்றவன் தோத்தோ. அவன்தான் அளக்கச் சொல்லி நகரசபைக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருப்பான். அவனுடைய பக்கத்தை அளந்தபோது எலுமிச்சை அந்தப் பக்கத்து எல்லைக் கல்லுக்குச் சரி நேரே நின்றதாம். அதிலும் ஏதோ இருக்கிறது.

வேலியை வெட்டினார்கள். முருங்கை போனது. கத்தரி, கறிவேப்பிலை எல்லாம் போனது. ஒரு மீற்றர் எழுபதுக்குச் சல்லிக்கல்லைக் கொட்டி உருட்டினார்கள். நீங்கள் இப்போது இருக்கிறீர்களே, அது கத்தரிப் பாத்தி.

பாதை திறந்த நாள் பாண்ட் வாத்தியம், ரிப்பன், மேளதாளம். அன்றைக்கு என் படலையடியில் நூறு சைக்கிள் போயிருக்கும். நான் ஒரு கதவும் திறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சனி ஞாயிறு என்றால் மணிச் சத்தம்தான். தோத்தோ ஆட்கள் இருக்க ஒரு வாங்கு போட்டு, எலுமிச்சைத் தண்ணீர் கரைத்து வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனோடு எல்லாம் சிரிப்பு.

ஒரு நாள் நான் வீட்டுக்கு வரும்போது முற்றத்தில் ஒரு பச்சைச் சைக்கிள் நிற்கிறது. முன்னுக்குக் கூடை.

"இதென்ன?" என்றேன்.

"சைக்கிள்," என்றாள் புவனம்.

"அது தெரியுது. ஆற்றை சைக்கிள்?"

"தோத்தோவின்ரை தங்கச்சியின்ரை. அவ செத்துப்போனா. சும்மா நிண்டதைத் திருத்தித் தந்தவர்."

"செத்தவளின்ரை சைக்கிளிலை ஏறப் போறியோ?"

"உயிரோடை இருக்கிற ஆரும் எனக்கு வாங்கித் தரேல்லையே."

"உனக்கு அறுபத்திரண்டு வயசு, புவனம்."

"ஓம். காலமை தோத்தோ வீட்டுப் பக்கம் ஓடிப் பாத்தனான். மறக்கேல்லை."

கலியாணத்துக்கு முன் அவள் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனவள். நான் முதலில் கண்டதே அப்படித்தான். வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், நாலைந்து பெட்டைகளுக்கு முன்னால் கையை விட்டு ஓடிக்கொண்டு வந்தாள். கலியாணத்துக்குப் பிறகு நான் வேண்டாம் என்றேன். ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. நாற்பது வருடம் பேசவில்லை. நல்ல மனுசி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முன்பு அவள் வேலைக்கு மூன்று கிலோமீற்றர் மேலே ஏறி பஸ் எடுப்பாள். இப்போது சைக்கிளில் பாதையால் இறங்கி நேரே நகரத்துக்குப் போய்விடுவாள். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாள், கேட்டுவிட்டு அல்ல. வரும்போது முகம் சிவந்து, வாய்க்குள் ஏதோ பாட்டு. வந்து சோறு போடுவாள், அது ஒரு நாளும் பிந்தவில்லை. இருந்தாலும் எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது களைத்து வருகிற மனுசியைத்தான் எனக்குத் தெரியும்.

அந்த நேரம்தான் நகரசபையில் கிளார்க் பத்துப் பேர் கணக்கைச் சொன்னது. நான் இருந்து யோசித்தேன். இந்த வளைவு சரிவு. மழை வந்தால் சல்லி கீழே வழிந்துபோய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவந்து போட வேண்டும்தானே? நகரசபைக்காரன் வருடத்துக்கு ஒருதரம் வருகிறான். ஆகவே நான் விடிய எழும்பி, இரும்பு வாரியை எடுத்து, வழிந்த சல்லியை இழுத்து வளைவில் போடுவேன். துப்புரவு வேலை. ஒரு சதம் யாரிடமும் கேட்கவில்லை. சில நாள் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். மெதுவாக வருகிறவனுக்கு அது ஒன்றும் செய்யாது. மெதுவாக வர வேண்டும்.

முதலாவது விழுந்தது ஒரு பல் டொக்டர். மணிக்கட்டு. மிகவும் கோபத்தோடு இரண்டு பக்கம் எழுதித் தந்தார். பிறகு ஹொலண்ட் தம்பதி, இரண்டு பேரும் ஒருவருக்கு மேல் ஒருவர். ஒரு பாதிரியார் கால்சட்டையோடு விழுந்தார், அவர் மட்டும் எழுத மாட்டேன் என்று எனக்காக ஜெபித்துவிட்டுப் போனார். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு முன் பல் இரண்டு. தகப்பன் கையெழுத்துப் போட்டான். அது வலுவான பேப்பர். சித்திரை முடியும்போது எட்டுச் சேர்ந்துவிட்டது.

வைகாசியில் ஒரு காலை. நான் வாரியும் கையுமாக இதே இடத்தில் நிற்கிறேன். புவனம் மேலே தோத்தோ வீட்டுக்குப் பாத்திரம் கொடுக்கப் போனவள், நடந்து போனாள் என்றுதான் நினைத்தேன். மேலே இருந்து மணி அடித்தது. பார்த்தால் பச்சைச் சைக்கிள். கூடை நிறைய எலுமிச்சை. நான் கையைத் தூக்கினேனா, கத்தினேனா என்று எனக்கு இப்போது நினைவில்லை. முன் சில்லு சல்லிக்குள் புதைந்தது. அவள் ஹாண்டிலுக்கு மேலாகப் போய்த் தோளில் விழுந்தாள். எலுமிச்சை எல்லாம் உருண்டு போனது.

சத்தமே போடவில்லை. நீங்கள் கத்தினீர்கள். அவள் கத்தவில்லை.

அம்புலன்ஸ் கூப்பிட்டோம். அது வந்து கீழே இரும்புத் தூணடியில் நிற்கிறது. தூணைப் பூட்டித் திறப்பை நகரசபையில் வைத்திருக்கிறார்கள். பார்த்தீர்களா, வாகனமில்லாத பாதையின் இலட்சணம்? அதையும் எழுதுங்கள், ஒரு வரி சேர்த்து எழுதலாம். கடைசியில் தோத்தோ தன் மூன்று சில்லு வண்டியை எலுமிச்சைக்கு நடுவால் கொண்டுவந்தான். எலுமிச்சைக் கிளைகள் முறிந்தன, அவன் பார்க்கவே இல்லை. அவனும் இரண்டு சைக்கிள்காரரும் சேர்ந்து அவளைத் தூக்கி வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பி, மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"வாரியைக் கொண்டுபோய் உள்ளுக்கை வையுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

அந்த நோவிலும் பாருங்கள், சாமான் வெளியே கிடக்கக் கூடாது. அப்படி ஒரு துப்புரவு அவளிடம்.

தோள் எலும்பு இரண்டு இடத்தில். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பேப்பரையும் கொண்டு போனேன். வேறு யாருக்காவது இப்படி ஒரு வசதி கிடைக்குமா? வீட்டிலேயே ஒரு ஆள், எலும்பு முறிவோடு, டொக்டர் துண்டோடு. அவள் பேப்பரை வாங்கி முழுக்க வாசித்தாள்.

"எத்தினை பேர் இப்ப?"

"எட்டு. நீ ஒன்பது."

"அந்தச் சின்னப்பிள்ளை, பல்லு உடைஞ்ச பிள்ளை. அதுவும் உதுக்குள்ளை இருக்கோ?"

"ஓம். தகப்பன் எழுதினவர்."

பேப்பரை மடித்துத் திருப்பித் தந்தாள். "டொக்டர் கேட்டவர். நானாத்தான் விழுந்தனான் எண்டு சொல்லிப்போட்டன். எழுத்திலை இருக்கு."

"ஏன் அப்பிடிச் சொன்னனி? ஒரு ஆள் குறைஞ்சு போச்சே!"

அதற்கு அவள் சிரித்தாள். மருந்தில் சிரித்திருப்பாள். பிறகு சொன்னாள்: "நான் வீட்டை வந்தா அந்தப் பாதையாலைதான் வருவன். சைக்கிளிலை. பாதையை மூடினீங்களெண்டா நான் மகளோடையே இருந்திடுவன்."

நாலு மாதமாகப் பலெர்மோவில் மகள் வீட்டில் இருக்கிறாள். நாலாம் மாடி. சுகமில்லாதவர்களுக்கு இப்படிப் பிடிவாதம் வரும், டொக்டர்மாரே சொல்வார்கள். பாதை மூடி, வேலி பழைய இடத்துக்கு வந்து, முருங்கையும் துளிர்த்துவிட்டால் வந்துவிடுவாள். கறிவேப்பிலைக்கு ஒரு கன்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குத்தானே இவ்வளவும் செய்கிறேன். யாருக்காகச் செய்கிறேன் என்று நினைக்கிறீர்கள்?

அவள் விழுந்த பிறகு இரண்டு மாதம் நான் வாரியைத் தொடவில்லை. சத்தியமாக. பிறகு கமிஷன் திகதி வந்துவிட்டது. ஆவணியில் ஒரு பெல்ஜியம்காரன் விழுந்தான், ஒன்பது. இனி மூன்று நாள்தான் இருக்கிறது. ஆகவே இன்று காலையில் கொஞ்சம் இழுத்துப் போட்டேன்.

ஓம், நான்தான். அதை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? விழுத்துவதற்காக இல்லை என்று சொன்னேனே. நீங்கள் எழுதும்போது "வளைவில் சல்லி குவிந்து கிடந்தது" என்று மட்டும் எழுதுங்கள். யார் குவித்தது என்ற கேள்வி அந்தப் பேப்பரில் இல்லை. நான் ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லிக் கொடுத்துத்தான் அச்சடிப்பித்தது.

இதற்கிடையில் மகள் முந்தநாள் ரெலிபோன் எடுத்தாள். "அம்மா சைக்கிள் ஓடலாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். தோத்தோ சைக்கிளைத் திருத்தி இஞ்சை கொண்டுவந்து தந்திட்டார். அம்மா ஒருநாளைக்கு வருவா அப்பா. எண்டைக்கு எண்டு சொல்லமாட்டாவாம்." வரட்டும். எனக்கு என்ன பயம்? இன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் காலையில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் தோளை உருவிப் பயிற்சி கொடுக்கிற நாள். அதெல்லாம் நான் யோசிக்காமல் செய்வேனா?

எழுதி முடிந்ததா? ஏன் எழுதவில்லை?

என்ன கேட்டீர்கள்? யார்?

வழியில் ஒரு அம்மாவைக் கண்டீர்களா. தமிழ் ஆளா? பலெர்மோவில் தமிழ் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், தங்கச்சி. கடை, கோயில், எல்லாம் இருக்கிறது. சைக்கிளிலா? சைக்கிளில் எத்தனையோ பேர் வருவார்கள். சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மேலே வந்து இறங்கி, சுரங்க வாசலில் இருந்து களைப்பு ஆறிக்கொண்டிருந்தாவா. என்ன கதைத்தா உங்களோடு? "நீங்கள் போங்கோ, நான் மெல்ல மெல்ல வாறன், ஒரு கை சரியில்லை" என்றா?

எந்தக் கை?

சைக்கிள் என்ன நிறம்?

செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இந்த மனுசிக்கு என்ன விசர். நானும் செவ்வாய் என்று கணக்குப் பார்ப்பேன் என்று தெரிந்துதான் செவ்வாயில் வெளிக்கிட்டிருக்கிறாள்.

நான் கதைக்கத் தொடங்கி எவ்வளவு நேரம்? மணி பார்த்துச் சொல்லுங்கள். சுரங்கத்திலிருந்து இங்கே இறக்கம்தான். அரை மணித்தியாலம் கூட எடுக்காது. ஒரு கையால் பிரேக் பிடித்து என்ன பிடிப்பாள்? நீங்கள் ஏன் வந்ததும் சொல்லவில்லை? நான் உங்களைச் சொல்ல விட்டேனா, அதுவும் சரிதான்.

எழும்புங்கள். பேப்பரை வையுங்கள் அங்கே, பறந்தால் பறக்கட்டும். நான் இதை இழுத்துச் சமமாக்க வேண்டும், பத்து நிமிடம் வேண்டும், போட்டது ஒரு மணித்தியால வேலை. உங்களுக்கு நடக்க முடியுமா? முடிந்தால் மேலே போங்கள், அந்த மரம் வரைக்கும், அதற்கு அங்கால் வளைவு தெரியாது. யார் வந்தாலும் மறியுங்கள். இத்தாலியர் வந்தால் "பியானோ, பியானோ" என்றால் போதும், மெதுவாக வா என்று அர்த்தம். அவள் வந்தால் தமிழில் சொல்லுங்கள். இறங்கி நடந்து வரச் சொல்லுங்கள்.

நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னால் இறங்க மாட்டாள்.